எந்தக் கை, என்ன சோறு

மரக்காணம் பக்கம் போனால் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் மூன்று இடங்களைச் சொல்வேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மலையாளத்துக்காரர் மெஸ். கூனிமேட்டில் மெயின் ரோட்டின் மேலேயே இருக்கும் பாய் பரோட்டாக் கடை. கோட்டக்குப்பத்தில் பச்சை கேட் போட்ட ஒரு வீடு. அங்கே போர்டு கிடையாது, முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும். இந்த மூன்றையும் நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேடிப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு எவளோ சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, அவள் யார் என்று பார்க்கத்தான் போனேன்.

மருந்து என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒருத்தனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ள நினைக்கிறவள், அவன் தின்கிற சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவாள். என்ன கலப்பாள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதுவும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்காது. அது அவன் வயிற்றிலேயே தங்கிவிடும். அப்புறம் அவனுக்குப் பெண்டாட்டி சமைத்தது பிடிக்காது, வீடு பிடிக்காது, அவள் வாசலையே சுற்றிச் சுற்றி வருவான். அதை வாந்தி எடுக்க வைத்து வெளியே கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கிளியனூர் ரோட்டில் புளியமரத்தில் தகரம் அடித்துத் தொங்கும், ‘இடுமருந்து எடுக்கப்படும்’ என்று. நானும் பிளஸ் டூ வரை படித்தவள்தான். பஸ்ஸில் போகும்போது அந்தத் தகரத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தன் வீட்டுச் சோறு தினமும் மீந்துபோக ஆரம்பித்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

சுனாமி வந்துபோன அடுத்த சில மாதங்கள் அவை. நான் மரக்காணம் பஜாரில் எஸ்.டி.டி. பூத் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்கிற வேலை. திருப்பூரில் இருக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டே என் பூத்திலிருந்து பேசியவனை எல்லாம் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இடத்தில் நாலு வருஷம் உட்கார்ந்தவளுக்கு எவன் சொல்வதும் அப்படியே காதில் ஏறாது. என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் லாரி பிடித்துக் கொடுக்கிற வேலை. உப்பு ஏற்ற லாரி வரும். எந்தப் பாத்தியில் எவ்வளவு ஏற்றுவது, ஆள் யார் என்று பேசி முடித்து அனுப்புவார். கடல் ஏறி வந்து பாத்தி எல்லாம் சேறாகிவிட்டதால் அந்த வருஷம் லாரியும் இல்லை, வேலையும் இல்லை. ஆனால் மனுஷன் விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“எங்க போறீங்க?”

“சும்மா, அப்டியே ஒரு ரவுண்டு.”

“மத்தியானம்?”

“வெளிய சாப்ட்டுக்கறேம்மே.”

முன்பெல்லாம் மத்தியானம் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்து தட்டு போடு என்று உட்காருவார். இப்போது சாயங்காலம் வருவார். வந்ததும் வயிறு நிறைந்திருக்கிறது என்பார். எங்கே என்று கேட்டால் பாய் கடை என்பார், இன்னொரு நாள் மலையாளத்துக்காரர் மெஸ், இன்னொரு நாள் கோட்டக்குப்பம். சாப்பிட்டவர் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டுமல்லவா? அதைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். வீட்டுக்கு வரும்போது குளித்துவிட்டு வந்தார். காலையில் ஒரு தடவை குளித்த ஆம்பளை எங்கே போய் இன்னொரு தடவை குளிக்கிறான்? போர்செட்டில் என்றார். கையில் எலுமிச்சம்பழ வாசனை. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுகிற லாரி புரோக்கரை நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் சட்டையில் முதுகுப் பக்கம் மட்டும் ஈரம். வேர்வை என்றார். மாசி மாத வெயிலில் முதுகு மட்டும் தனியாக வேர்க்குமா என்று கேட்டேன். “போலீஸ்ல சேர வேண்டியவ நீ” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்தாவது வருஷம். குழந்தை இல்லை. அவருடைய அம்மா வீட்டில் யாரும் என்னை எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த மனுஷன் கையை விட்டுப் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவேன் என்று பூத்தில் உட்கார்ந்தபடியே யோசிப்பேன். அவர் வேறு ஒருத்தியோடு இருப்பதைவிட, எனக்கு அது கடைசியாகத் தெரிவதுதான் அதிகம் பயமாக இருந்தது.

பூத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அக்காவிடம்தான் சொன்னேன். மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இது மருந்துதான்” என்றாள். டாக்டர் கூட அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார்.

“கிளியனூர்க்காரருகிட்ட கூட்டினு போ. ஆனா அவரு மொதல்ல ஒண்ணு கேப்பாரு. எந்தக் கை, என்ன சோறு? அது தெரியலன்னா தொட மாட்டாரு. யார் வெச்சா, எதுல வெச்சான்னு தெரிஞ்சாதான் எடுக்க முடியுமாம்.”

“அதை எப்டிக்கா கண்டுபிடிக்கிறது?”

“ஒன் வூட்டுக்காரரு சாப்புடற எடத்துல நீயும் ஒரு நாள் சாப்டு. மருந்து கலக்கற கையா இருந்தா, மறுநாள் ஒன் நாக்கே காட்டிக் குடுத்துடும். அதே சோறு வேணும் வேணும்னு அடம் புடிக்கும்.”

இப்போது எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்கு அது கணக்குப் பாடம் மாதிரி சரியாக இருந்தது.

முதலில் மலையாளத்துக்காரர் மெஸ். பொம்பளைகள் தனியாக உட்கார ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி வைத்திருந்தார். உட்கார்ந்ததும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீரை மோந்து பார்த்தேன். புழுங்கலரிசிச் சோறு, தேங்காய் அரைத்து விட்ட மோர்க்குழம்பு, பயறு. மீன் வேண்டுமா என்று கேட்டார்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து உள்ளூர்க் குடும்பங்களில் யாரும் கடல் மீன் தொடுவதில்லை. கடலோடு போன ஜனங்களை அந்த மீன்தான் தின்றிருக்கும் என்று எல்லோருக்கும் ஒரே நினைப்பு. என் அம்மா வீட்டில் கருவாட்டுப் பானையைக்கூட வெளியே வைத்துவிட்டார்கள். கழுவெளி ஏரியில் பிடிக்கிற மடவை மீன் என்றால் மட்டும், அது ஏரித்தண்ணீரில் வளர்ந்தது என்று தைரியமாகச் சாப்பிட்டோம்.

“கடல் மீனா?”

“ஐயோ, இல்ல சேச்சி. கழுவெளி மடவை. தைரியமா சாப்பிடுங்க.”

குடம்புளி போட்டு, சிவப்பாக, எண்ணெய் மேலே ஒதுங்கி நின்றது. ஒரு வாய் வைத்ததும் நான் வந்த வேலையே மறந்துபோய்விட்டது. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். கை கழுவும்போதுதான் நினைவு வந்து, என் வீட்டுக்காரரின் அடையாளம் சொல்லிக் கேட்டேன். மலையாளத்துக்காரர் கல்லாவில் இருந்த தன் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தான்.

“வருவாரு. இங்க சாப்பிட மாட்டாரு.”

“சாப்பிடாம மெஸ்ஸுக்கு எதுக்கு வர்றாரு?”

“சும்மா. பேசிட்டுப் போவாரு.”

மறுநாள் காலையில் பல் துலக்கும்போதே எனக்கு அந்தக் குடம்புளிக் குழம்பு வேண்டும்போல இருந்தது. இட்லியைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. போச்சு, இந்த மெஸ்தான் என்று நினைத்தேன். ஆனால் சமைக்கிறது ஒரு மீசைக்காரர். அவர் எதற்கு என் வீட்டுக்காரருக்கு மருந்து வைக்கிறார்? சரி, இன்னும் இரண்டு இடத்தையும் பார்த்துவிடலாம் என்று கூனிமேட்டுக்கு பஸ் ஏறினேன்.

பாய் கடையில் கல்லின் மேல் பரோட்டாவைக் குவித்து இரண்டு கையாலும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சால்னாவில் கசகசா அரைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் கேட்டபோது பாய் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு தட்டில் மடவை வறுவல், மிளகு தூக்கலாக. ஓரமெல்லாம் முறுகி, உள்ளே வெள்ளை வெளேரென்று. அதையும் கடல் மீனா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். கழுவெளி என்றார்கள். பாய் ரொம்ப மரியாதையான மனுஷர். ஆனால் என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்ததும் அவருக்கும் கல்லில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

“நல்ல மனுஷன்மா. வருவாரு, போவாரு. நம்ம கடைல ஒரு டீ கூட குடிக்கறதில்ல.”

“எங்கிட்ட பாய் கடைலதான் சாப்ட்டேன்னு சொல்றாரே?”

“அப்டியா சொன்னாரு?” என்று கேட்டுவிட்டு, பாய் பரோட்டா அடிக்கிறவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். ஊரே சேர்ந்து என் காதில் பூ சுற்றுகிறது என்று அப்போது புரிந்தது. எல்லா ஆம்பளையும் ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை.

மறுநாள் என் நாக்கு அந்த வறுவலைக் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், முந்தின நாள் குடம்புளிக் குழம்பையும் சேர்த்துக் கேட்டது. தையல்கார அக்காவின் கணக்குப்படி இரண்டு இடத்திலும் எனக்கு மருந்து வைத்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் பாய் கடைக்கு நான் இன்னொரு தடவையும் போனேன். விசாரிக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய் எதையும் விசாரிக்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் சமையல் கட்டில் வந்து நின்று சோற்றுப் பானையை எட்டிப் பார்த்தார்.

“நீ மத்தியானம் சாப்டல?”

“சாப்ட்டேனே.”

“சோறு அப்டியே இருக்குது?”

“பூத்துல டீயும் பன்னும் சாப்ட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் அவரை ஒரு மாதிரி பார்த்தேன். என் கையில் பாய் கடை மிளகு வாசம் அடித்திருக்கும். இரண்டு பேரும் வெளியே தின்றுவிட்டு வந்து, சூடு ஆறிய சோற்றுக்கு எதிரெதிரே நின்றுகொண்டிருந்தோம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மடியில் கனம் இருக்கிறவன் எப்படிக் கேட்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டக்குப்பம்தான் கடைசி. அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், அங்கே சமைக்கிறது ஒரு பொம்பளை என்று பூத்துக்கு வருகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் துபாயில். வீட்டிலேயே பிரியாணி, ஆணம் எல்லாம் செய்து, சொல்லி வைத்தவர்களுக்குக் கொடுக்கிறாள். புதுச்சேரிக்காரர்கள், ஆரோவில் பக்கத்து வெள்ளைக்காரர்கள், லீவில் வந்த துபாய்க்காரர்கள் எல்லோரும் வாங்கிப் போவார்களாம். இத்தனை பேர் நாக்கைக் கட்டிப் போட்டவளுக்கு என் ஆள் ஒருத்தர் எம்மாத்திரம்? முந்தின நாள் போன் செய்து, என் பெயரைச் சொல்லாமல், ஒரு ஆளுக்குச் சாப்பாடு என்று சொல்லி வைத்தேன். போகும்போது இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். சண்டைக்குப் போகிறவள் எதற்கு நல்ல புடவை கட்டுகிறாள் என்று கேட்காதீர்கள்.

பச்சை கேட்டைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைவிட நிறம், கண்ணும் அழகு. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “வாங்க தங்கச்சி, உள்ள வாங்க” என்றாள். அந்தத் தங்கச்சியைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள் அறையில் பாய் விரித்து, நடுவில் தட்டு வைத்தாள். பிரியாணி, தால்சா, கத்தரிக்காய்ப் பச்சடி. அதோடு ஒரு கிண்ணத்தில் மீன் ஆணம். குழம்பை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தேங்காய்ப்பாலும் மாங்காயும் போட்டது. “கழுவெளி மடவை” என்று நான் கேட்பதற்கு முன்னாடியே சொல்லிவிட்டாள்.

நான் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட எனக்கு அழுகை வந்தது. இப்படி ஒரு கை இருந்தால் எந்த ஆம்பளை வீட்டுக்கு வருவான்? எனக்கே எழுந்து போக மனசு வரவில்லை. மருந்தும் வேண்டாம் மாயமும் வேண்டாம், இந்த மாங்காய் ஒன்று போதும் என்று தோன்றியது. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

“என் வூட்டுக்காரருக்கு இங்க எத்தினி நாளா சாப்பாடு போடறீங்க?”

யார் உன் வீட்டுக்காரர் என்றாள். சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துபோய், முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் என் கண்ணில் இருந்த தண்ணீரைப் பார்த்தாளோ என்னவோ, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“அல்லா மேல சொல்றேன். அவரு இந்த வாசப்படியத் தாண்டி உள்ள வந்ததில்ல. சாப்புடுங்கண்ணேன்னு எத்தினியோ வாட்டி கேட்டிருக்கேன். இல்லம்மா, குப்பத்துலயே தின்னுட்டேம்பாரு.”

“எந்தக் குப்பம்?”

சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. மரக்காணத்துக்குக் கிழக்கே, உப்பளத்தைத் தாண்டி, கடலோரத்தில் இருந்த மீனவர் குப்பம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சண்ட போடாதீங்க தங்கச்சி, அவரு நல்லவரு” என்றாள். அவர் நல்லவர் என்று ஊரில் இருக்கிற எல்லோரும் சொல்வதுதான் எனக்கு ஆகவே இல்லை.

மறுநாள் மத்தியானம் பூத்தைத் தையல்கார அக்காவிடம் விட்டுவிட்டு நடந்தேன். உப்பளத்து வரப்பெல்லாம் உடைந்து கிடந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தப் பக்கம் கடலோரத்துக்கு நான் வந்ததே இல்லை. சுனாமிக்கு அப்புறம் கடலைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தது. வீடு இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய்கள். அதில் ஒன்றின் கீழே நாலைந்து பேர் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரர். அவருடைய தட்டில் ஒரு பொம்பளை குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் ஒரு முழம் கதம்பம்.

“இதான் உங்க பாய் கடையா?” என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் பிசைந்த சோற்றோடு எழுந்து நின்றார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசவு ஒன்றும் சமயத்துக்கு வரவில்லை. “சோத்துல என்னாடி கலக்குன?” என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். அவள் கரண்டியோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படவில்லை. “இவங்கதான் வூட்லயா?” என்று அவரைக் கேட்டாள்.

அப்புறம் அவர் சொன்னார். தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையில் வைத்துக்கொண்டே சொன்னார். உப்பு வேலை போனதிலிருந்து அவர் அந்தக் குப்பத்து மீனை ஐஸ் பெட்டியில் வைத்து, மொபெட்டில் முதுகுக்குப் பின்னால் கட்டி, மெஸ்ஸுக்கும் பாய் கடைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். குப்பத்தில் மிச்சமிருந்த இரண்டு கட்டுமரம் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தது, மீனும் கிடைத்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் கழுவெளி மடவை என்று சொல்லி விற்றார்கள். மடவை ஏரியிலும் இருக்கும், கடலிலும் இருக்கும், பார்வைக்கு ஒன்றுதான்.

நான் குறுக்கே கேட்டேன். “அப்ப நான் தின்னது?”

“நீ எங்க தின்ன?” என்றார் அவர். மெஸ், பாய் கடை, கோட்டக்குப்பம் என்று நான் விரல் மடக்கியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “கடல் மடவைதான்” என்றார் மெதுவாக.

“சரி, வித்தீங்க. இங்க எதுக்குத் தின்றீங்க?”

அதற்கு அந்தப் பொம்பளைதான் பதில் சொன்னாள். முதலில் வந்த வியாபாரிகள் மீனை வாங்கிப்போய்க் கோழித் தீவனத்துக்குப் போட்டார்களாம். மூக்கைப் பொத்திக்கொண்டு எடைபோட்டார்களாம். அன்றைக்குக் குப்பத்தில் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். இனிமேல் எவன் மீன் எடுக்க வந்தாலும், முதலில் அந்த மீனை ஆக்கிப் போடுவோம், எங்களோடு உட்கார்ந்து அவன் தின்ன வேண்டும். தினமும். தின்றால்தான் பெட்டியைத் தூக்கலாம்.

“நீ தின்னாதத ஊருக்கு எடுத்துனு போய் குடுக்காதன்னு சொன்னோம். மத்தவங்கல்லாம் போய்ட்டாங்க. இவரு ஒருத்தருதான் குந்துனாரு.”

எனக்கு ஆத்திரம் போகவில்லை, திசை மாறிக்கொண்டது. இன்னொருத்தி என்றால் அவளோடு மல்லுக்கு நின்றிருப்பேன். இப்போது யாரோடு நிற்பது? “ஏங்க, இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?” என்றேன்.

“சொன்னா என்னை ஊட்டுக்குள்ள விட்டிருப்பியா? தை கடைசில இங்கேர்ந்து கருவாடு கொண்டாந்தேன். நீ இன்னா பண்ண? அத வெச்ச சட்டியோட சேத்துத் தூக்கிப் போட்ட. அப்பறம் எந்தக் கையால தொட்டேன்னு என் கைய சீயக்கா போட்டுக் கழுவ வெச்ச. உன்கிட்ட எப்டிச் சொல்றது? குளிச்சிட்டு வந்துட்டா தெரியாதுன்னு பாத்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பயந்துகொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் எனக்குப் பயந்து போர்செட்டில் குளித்திருக்கிறார் என்பது, அவர் வேறொருத்தி வீட்டுக்குப் போனார் என்று கேட்பதைவிட எனக்கு வலித்தது. அங்கிருந்து திரும்பி நடந்துவிட்டால், அவர் என்னைப் பற்றி நினைத்தது சரி என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவர் என்னோடு ஒரே வீட்டில் இருப்பார், ஆனால் எதையும் சொல்ல மாட்டார்.

அந்தப் பொம்பளை என்ன நினைத்தாளோ, ஒரு தட்டில் சோறு போட்டு, மீன் துண்டு ஒன்றை வைத்து, என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். அதே மடவைதான். மூன்று கடையில் வாங்கி வாங்கித் தின்ற மீன்தான். ஆனால் இங்கே கடல் கண் முன்னால் இருந்தது. பிசைந்த கை வாய்க்குப் போகவில்லை. தார்ப்பாயின் கீழே இருந்த எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“பயமா இருக்குதா?”

தலையாட்டினேன்.

“எனக்கும்தான். எங்க வூட்டு ஆளு இன்னும் கெடைக்கல. அதான் பொட்டும் பூவும் வெச்சினு கீறேன்; ஆளப் பாக்காம எப்டி எடுக்கறது? மொத மொத கட்டுமரம் போய் மீன் கொண்டாந்தாங்க பாரு, அன்னிக்கு ஒண்ணு விடாம நானே வாங்கி, வயித்தக் கீறி, கையவுட்டுப் பாத்தேன். இன்னிக்கும் பாக்கறேன். நான் பாக்காம ஒரு மீனு கூட இந்தக் குப்பத்த வுட்டு வெளிய போவாது. எதுவும் இல்ல தங்கச்சி. நீ சாப்டு.”

“ஐஸ்ல கெடாம இருக்கறதுக்குத்தான் கீறித் தர்றீங்கன்னு நெனச்சேன்” என்றார் என் வீட்டுக்காரர். இத்தனை நாள் அவளோடு உட்கார்ந்து தின்ற அவருக்கும் அன்றைக்குத்தான் அது தெரியும். தட்டை அப்படியே மணலில் வைத்துவிட்டு, அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நான் சாப்பிட்டேன். அழுதுகொண்டுதான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. மூன்று கடையில் நான் ருசித்துத் தின்ற ஒவ்வொரு துண்டையும் இவள் ஒரு தடவை கீறி, பயந்து பயந்து தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் அனுப்பியிருக்கிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. கண்ணீரில் முள் தெரியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து, அவள் என் தட்டிலிருந்து மீனை எடுத்து, நடுமுள்ளை உருவி, சதையை மட்டும் என் சோற்றின் மேல் வைத்தாள்.